மாமி வீட்டு மேல் அறைக்குப் போக முதல்

அண்ணா, முதலில் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம். உங்களோடு அறையில் இருக்கிற சினேகிதனுக்கும் வேண்டாம். போனில் படம் எடுத்து வைக்கவும் வேண்டாம். வாசித்து முடிந்ததும் கிழித்துவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று என்னால் யோசிக்கவே ஏலாமல் இருக்கிறது. எழுதுவது நான், சொல்வது அம்மா. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அம்மாவின் வலது கைக்குப் பிளாஸ்டர் போட்டது உங்களுக்குத் தெரியும்தானே, அவவால் பேனை பிடிக்க ஏலாது. அப்பா ஒன்பது மணிக்குத் துறைமுகத்துக்கு இரவுக் கடமைக்குப் போய்விட்டார். முன் அறை விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் குசினியில் அடுப்போரம் சின்ன விளக்கோடு இருக்கிறோம். விடிந்தால் முன்வீட்டு அக்கா கொழும்பு பஸ் எடுக்கிறார். உங்களுக்குப் பிட்டுக்கு வறுத்த மா கொண்டு வருவார். இந்தத் தாள்கள் அந்த மா இருக்கிற தகரப் பேணியின் அடியில், பொலித்தீன் பைக்குள் இருக்கும். அம்மா பேச்சில் சொல்வதை நான் பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் நான். மற்றதெல்லாம் அம்மா.

மகனுக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் நீ பஸ்ஸில் நின்றாய். இரண்டாம் தரம் அப்பா பக்கத்தில் வந்து இருந்தார், நான் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். அதோடு போனில் நான் ஒன்று சொன்னால் நீ இடையில் ஒரு கேள்வி கேட்பாய், நான் உடனே பின்வாங்கிவிடுவேன். என் குணம் அது. தாளில் எழுதினால் நீ இடையில் குறுக்கிட ஏலாது, நானும் ஓடிப்போக ஏலாது. ஆனபடியால் இதை முழுக்க வாசி.

ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு, மாமி வீட்டுக்குப் போகப் போகிறாய் என்று அப்பா சொன்னார். தெஹிவளையில் பார்த்த அறையை வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாம். மாமியின் மேல் அறை சும்மா கிடைக்கும்போது வாடகை எதற்கு என்று நீ கேட்டாயாம். மகன், அந்த அறை சும்மா கிடைக்கவில்லை. நீ அங்கே இருந்து பழகி, மாமியின் மகள் துளசியைக் கலியாணம் முடிப்பாய் என்ற எண்ணத்தில்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். தெரியாதது உனக்கு மட்டும்தான்.

இது என் ஊகம் இல்லை. போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்து மாமியோடு கதைத்தார். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அப்படிப் போட்டால் வீதியால் போகிறவருக்கும் கேட்கும் என்பது அவருக்கு விளங்குவதில்லை. நான் உள்ளே ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

“தம்பி, மேல் அறைக்கு டைல்ஸ் ஒட்டி முடிஞ்சுது. பாத்ரூமும் உள்ளுக்கயே வைச்சாச்சு. ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும்.”

“பெடியனுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா.”

“நீ ஒண்டும் சொல்லாத. வந்து இருக்கட்டும், சாப்பிடட்டும், பழகட்டும். தானாச் சரிவரும்.”

“ஓம், அவன் எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டுறவன் தானே. மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது அவனுக்கு.”

“உன்னைப் போல எண்டு சொல்லு,” என்று மாமி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இரண்டு பேரிடமும் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை, அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். அக்காவும் தம்பியும் பிள்ளைகளைப் பற்றி ஆசையோடு கதைத்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ‘தானாச் சரிவரும்’ என்ற சொல்லைக் கேட்டதும் என் கையிலிருந்த வெங்காயம் உருண்டு அடுப்படிக்குப் போய்விட்டது. அந்தச் சொல்லை மாமியின் வாயால் நான் முன்பும் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொன்னது என்னைப் பற்றி.

அப்பா போனை வைத்த பிறகு நான் போய்க் கேட்டேன். “இஞ்சேருங்கோ, பிள்ளையை ஒருக்காக் கேட்க வேண்டாமே?”

“கேட்கிறதுக்கு என்ன கிடக்கு? ஆரோ தெரியாத ஆக்கள்ட வீட்டயே போறான்? என்ட அக்கா வீடு. நீயும் அந்த வீட்டில இருந்துதானே என்னட்ட வந்தனீ. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

நான் வெங்காயம் எரிகிறது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நீ அதைப் பார்த்தே வளர்ந்தாய். தங்கச்சி பிறந்த அன்றைக்கே இந்த வீடு அவளுடையது என்று ஆகிவிட்டது. ஆண்பிள்ளைக்கு, அவன் கலியாணம் முடித்துப் போகிற வீடுதான் வீடு. உனக்குப் பதினான்கு வயதில் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க நீதான் கல் சுமந்தாய், சாந்து குழைத்தாய், தோள் இரண்டும் உரிந்து போயிருந்தது. சுவர் எழும்பின அன்று ஜன்னல் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, “இது எனக்கா அம்மா?” என்று கேட்டாய். நான் வாய் திறக்க முதல் அப்பா சொன்னார். “டேய், இது தங்கச்சிட வீடடா. உனக்கு வீடு கட்டுறதுக்கு எங்கயோ ஒரு மாமனார் இப்ப கல் அரிஞ்சு கொண்டிருப்பார்.” மேசனும் சிரித்தார், கூட நின்ற ஆட்களும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம், முற்றத்துக் கதிரையில் அடுக்கி வைத்திருந்த உன் புத்தகங்களை நீ திரும்பத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் அலுமாரிக் கீழ்த் தட்டில் வைத்ததை நான் கண்டேன். சுவர் எழும்பும்போதே அவற்றைக் கட்டிக்கொண்டு வந்து ஆயத்தமாக வைத்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. அது என் முதல் பிழை.

(அண்ணா, எனக்கு அப்போது ஆறு வயது. அந்த அறையில் இருந்துதான் நான் சோதனைக்குப் படிக்கிறேன். இது எனக்குத் தெரியாது.)

நீ முன் அறையில் பாய் போட்டுப் படுத்தாய். விருந்தினர் வந்தால் விறாந்தைக்குப் போனாய். பல்கலைக்கழக விடுதியில் ஒருவருக்கும் வேண்டாத, கதவோரத்துக் கட்டிலை எடுத்துக்கொண்டாய் என்று உன் சினேகிதன் ஒருவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘இவனுக்கு ஓர் இடமும் தேவையில்லை, எங்கே விட்டாலும் இருப்பான்’ என்று நாங்கள் எல்லோரும் பெருமையாகக் கதைத்தோம். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியும், மாட்டைப் பார்த்து வாங்கத் தெரியும். இருக்கப் போகிற வீட்டைப் பார்க்க ஒருத்தரும் பழக்கவில்லை. யாரோ ஓர் அறையைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். உனக்கும் அதுதான் நடக்கப் போகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கலியாணம் முடிக்காத பெண்பிள்ளை இருக்கிற உறவு வீட்டில், ஓர் இளந்தாரி பெட்டியை வைத்துச் சாப்பிடத் தொடங்கினால் எங்கள் ஆட்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தரும் வாயால் கேட்கமாட்டார்கள். கேட்காததால் நீ மாட்டேன் என்று சொல்லவும் வழி வராது. நாலு மாதம் கழித்து நீ வேறிடம் போனால், பெடியன் அறை மாறினான் என்று சொல்லமாட்டார்கள். துளசியை விட்டுவிட்டுப் போனான் என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளை உன்னோடு ஒரு தேத்தண்ணிகூடக் குடித்திராது, ஆனாலும் அந்தப் பெயர் அவள் தலையில்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், போய்ப் பார்த்துப் பிடிக்காவிட்டால் வரலாம் என்று நினைக்காதே. அந்த வீட்டுக்குப் போக முதல்தான் உனக்கு யோசிக்க இடம் இருக்கிறது.

(வெளியே தூறுகிறது. அப்பாவின் மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குவதை இப்போதுதான் கண்டேன். மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். “இந்தத் தூறலுக்கு ஆர் வருவினம்? நீ எழுது” என்கிறார். ஒரு காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.)

இனி என் கதையைச் சொல்கிறேன். இதை அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை. இருபது வயதில் எனக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டச்சு வேலை கிடைத்தது. வீட்டில் விட்டார்கள், காரணம் மாமி. அப்போது அவர் எனக்கு மாமியும் இல்லை மச்சாளும் இல்லை. எங்கள் வீதியிலிருந்து கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போன அக்கா, அவ்வளவுதான். அது போர்க்காலம். கொழும்பில் இரவு தங்குவதென்றால் எங்கள் பெயர் ஒரு வீட்டுக்காரரின் பட்டியலில் எழுதிப் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். அக்காவின் வீட்டுப் பட்டியலில் என் பெயர் ஏறியது. நீ இன்றைக்கு ஓர் அறை பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். எனக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கடிதமும் ஒரு பதிவும் தேவைப்பட்டது. இது சாட்டு என்று நீ நினைத்தால் அதுவும் பாதி சரிதான்.

சாப்பாட்டு மேசைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான நடை இருந்தது. அதில் எனக்குப் பாய். பெட்டி மேசைக்குக் கீழே. இரவில் யார் எழும்பினாலும் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் கிழமை எனக்கு நித்திரையே வரவில்லை. வெள்ளவத்தைக் கடல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிடந்து இரைந்துகொண்டே இருக்கும், அதோடு ரயிலும் இரையும். எங்கள் துறைமுகத்துத் தண்ணீர் அப்படிச் சத்தம் போடாது. ஆனால் அக்கா என்னில் உயிராக இருந்தார். தலை இழுத்துப் பின்னிவிடுவார். எனக்கென்று மீன் தலையை எடுத்து வைப்பார். அவர் கொடுமை செய்திருந்தால் நான் பெட்டியைத் தூக்கியிருப்பேன், மகன். அன்பாக வைத்திருந்த வீட்டில் இருந்து எப்படி எழும்பிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது.

கந்தோரில் என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். அங்கே ஓர் அறை காலியாகிறது, வந்து பார் என்றாள். ஒரு சனிக்கிழமை போனேன். இரும்புக் கட்டில், சின்ன மேசை, ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஜாம் மரம். விடுதியைப் பார்த்துக்கொண்ட சிங்கள அம்மா உடைந்த தமிழில் இரண்டு விஷயம்தான் சொன்னார். எட்டு மணிக்குக் கேற் பூட்டும், மீன் பொரிக்க ஏலாது. “மற்றது உன் இஷ்டம்” என்றார். அந்தச் சொல்லை அதுவரை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. பதிவுக்குக் கடிதமும் தாமே தருவதாகச் சொல்லிவிட்டு, யோசித்துப் பார் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் அந்தக் கட்டிலில் பத்து நிமிடம் தனியே இருந்தேன். ஒருத்தரும் என்னைத் தாண்டிப் போகவில்லை.

(அம்மா ஜாம் மரத்தை எழுதினாயா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். எழுதினேன் என்று வாசித்துக் காட்டினேன்.)

திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மேசைக்குக் கீழே என் பெட்டி இல்லை.

“அக்கா, என்ட பெட்டி எங்க?”

“உள்ளுக்கு என்ட அலுமாரியில எல்லாம் அடுக்கியாச்சு. இனி என்னத்துக்குப் பெட்டி? நீ என்ன விருந்தாளியே?”

அறையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் சீலைகளை அவ்வளவு வடிவாக மடித்து வைத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை சினேகிதியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அப்பா லீவில் ஒரு சாக்குக் கருவாட்டோடு அக்காவிடம் வந்தார். அக்கா என்னைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். “தம்பி, இது ஆர் ஊத்தின தேத்தண்ணி எண்டு சொல்லு பாப்பம்.” அப்பா குடித்துவிட்டு, “சீனி கூட,” என்றார். வீட்டிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதுதான் பெண் பார்த்த சடங்கு என்று எனக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நான், அடுத்த தரம் சீனியைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அவர் போன பிறகு குசினிக்குள் அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது. “ஒண்டும் கேட்கத் தேவையில்லை, தானாச் சரிவரும்.”

நான் இதைச் சரியாக எழுதச் சொல்ல வேண்டும், தங்கச்சியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன் அப்பாவோடு வாழ்ந்ததில் எனக்குக் குறை இல்லை. கேட்டிருந்தால் நான் ஓம் என்று சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் நான் ஓம் என்று சொன்ன நாள் எது என்று எத்தனையோ தரம் தேடிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் இல்லை. என் பெட்டி மேசைக்குக் கீழே இருந்து அலுமாரிக்குப் போன நாள்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடம் ஒருவரோடு நன்றாக வாழ்ந்த பிறகும் அந்த இடத்தில் ஒரு வெறுமை இருக்கிறது, மகன். அவருக்கும் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல். தன்னைத் தேடி வந்து ஓம் என்று சொன்ன ஒருத்தி அவருக்கும் கிடைக்கவில்லையே.

(நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தேன்.)

என் அடுத்த பிழை, கலியாணத்துக்காக வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு எல்லோரிடமும் சொன்ன பொய். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், கொழும்பு எனக்கு ஒத்துவரவில்லை, தண்ணியும் சரியில்லை சனமும் சரியில்லை என்றேன். நீயும் அதைக் கேட்டே வளர்ந்தாய். வேலை கிடைத்ததென்று நீ சொன்ன அன்றும் என் வாயில் முதலில் வந்தது அதுதான். உன் முகம் அப்படியே வாடியது. பயந்துபோன பிள்ளைக்குத் தெரிந்தவர் வீடு ஒன்றுதான் தெரியும். உன்னை மாமி வீட்டுப் பக்கம் தள்ளினது அப்பா மட்டும் இல்லை. கொழும்பில் எனக்கு ஒரு பிழையும் இல்லை. கோட்டையில் நின்று பஸ் பிடிக்க எனக்கு விருப்பம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கந்தோர்ப் பிள்ளைகளோடு நடந்து போக விருப்பம். நான் இருந்த இடம்தான் பிழை. ஊரை விட இருக்கிற அறைதான் ஆளை ஆக்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அதனால் ஓர் அறையை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன், வேறு யாரும் உனக்குச் சொல்லவில்லை. தெஹிவளை அறை சின்னது, ஜன்னல் மதிலைப் பார்க்கிறது என்றாய். ஒரு தரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தாய். அது காணாது. வேலை நாளில் விடிய ஏழு மணிக்குப் போ, எல்லோரும் குளிக்கிற நேரம் அந்த அறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார். பஸ் இறங்கி இருட்டில் ஒரு தரம் நடந்து போ. மழைக்குப் பிறகு வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார், நின்றால் சுவரில் அதன் கறை இருக்கும். கதவைச் சாத்திவிட்டுப் போனைப் பார்க்காமல் பத்து நிமிடம் தனியே இரு. வீட்டுக்காரரிடம் கேட்க வெட்கப்படாதே. கேற் எத்தனை மணிக்குப் பூட்டும், அம்மா வந்தால் ஓர் இரவு தங்கலாமா, மீன் பொரிக்கலாமா? நீ நாலு நாள் மீன் இல்லாமல் இருந்தால் ஐந்தாம் நாள் யார் வீட்டில் பொரிக்கிறார்களோ அங்கே போய் நிற்பாய், எனக்குத் தெரியாதா உன்னை? பக்கத்து அறையில் யார் என்று கேள். எங்கள் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, உன் சிங்களமும் கொஞ்சம் திருந்தும். மாமி வீட்டிலிருந்து வேலைக்கு இருபது நிமிடம், தெஹிவளையிலிருந்து முக்கால் மணி என்கிறாய். அந்த மிச்ச நேரம் பஸ்ஸில் உன்னுடையது, ஒருத்தரும் தலை பின்னிவிட வரமாட்டார்கள். தெஹிவளை சரியில்லையென்றால் விட்டுவிட்டு வேறு பார். சினேகிதனிடம் இன்னும் ஒரு மாதம் இருக்கக் கேள். ஆனால் எந்த அறையாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் உன் பெயரை நீ எழுது, பூட்டும் திறப்பும் உன் கையில் இருக்கட்டும்.

துளசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் நல்ல பிள்ளை. போன வருடம் இங்கே வந்திருந்தபோது என்னோடு கோப்பை கழுவிக்கொண்டு நின்று சொன்னாள். “மாமி, நீங்க முந்திப் படுத்த இடத்திலதான் இப்ப என்ட தையல் மெசின் நிக்குது. ராவில ஆராவது எழும்பினா எனக்கும் முதுகில இடிச்சுத்தான் போகினம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அவளையும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள். உனக்கு அவளில் விருப்பம் இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனால் உன் பெட்டி வேறொரு வீட்டில் இருக்கும்போது போய் அவளைக் கேள். வெளியே எங்காவது, அவள் எழும்பிப் போகக்கூடிய இடத்தில் வைத்துக் கேள். அவள் மாட்டேன் என்றால் நீ உன் அறைக்குப் போகலாம், அவள் தன் வீட்டுக்குப் போகலாம். ஓம் என்றால், இரண்டு பேருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும்.

(மழை இறங்கிவிட்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் அம்மா சொல்வது கேட்கவில்லை, கிட்டப் போய் இருந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.)

இனிக் கடைசி விஷயம். சனிக்கிழமைக்கு முதல் நீயே அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல். மாமி வீட்டுக்குப் போகவில்லை, வேறு அறை பார்க்கிறேன் என்று மட்டும் சொல். காரணம் கேட்பார், சத்தம் போடுவார். தங்கச்சி எழுதினாள், அம்மா சொன்னா என்று மட்டும் சொல்லிப்போடாதே.

(அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். அம்மா மாப் பேணியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, “அதை வெட்டு பிள்ளை” என்றார். “அம்மா, அப்பா என்னைத்தான் கேட்பார், நான்தானே எழுதினது” என்றேன். “ஓம், உன்ட பெயரை எடுக்கத் தேவையில்லை. என்ட பெயரை எழுது” என்றார். வெட்டிவிட்டேன், அண்ணா. கோடு போட்டிருப்பது தெரியும்.)

அம்மா சொன்னா என்று சொல். அப்பாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று உன்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, நான் மட்டும் சின்ன விளக்கில் இருந்து மாவுக்குள் ஒளித்து அனுப்புகிறேன். வீட்டுக்கு வீடு வாயை மூடிக்கொண்டு பெட்டியை நகர்த்துகிற அதே வேலைதானே இதுவும். தங்கச்சியைப் பார்க்கிறேன், பேனை அவள் கையில் வழுக்குகிறது. இந்த வீடு இவளுக்கு, ஆனால் இந்த வீட்டில் வாய் திறக்க இவளுக்குப் பயம். அதையும் நான்தான் பழக்கினேன். ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே பெட்டியை வைக்கிறாய் என்பதை நீ முடிவு செய். இங்கே நான் செய்ய வேண்டியதை நான் இனியும் பிற்போட

(கதவு தட்டுகிறது. மோட்டார் சைக்கிள் திறப்பால் மூன்று தட்டு. அப்பாதான், மழைக்கோட்டுக்கு வந்திருக்கிறார். நான் தாள்களைப் பேணிக்குள் தள்ளப் போனேன், அம்மா பிளாஸ்டர் கையைத் தூக்கி அதற்கு மேல் வைத்துவிட்டார். “கிடக்கட்டும். பெரிய விளக்கைப் போடு” என்கிறார். “வாறன், வாறன், திறக்கிறன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அண்ணா, தாள் மேசையில்தான் இருக்கிறது, நான்